நாலு மணிக்கு நின்ற அருவி

பட்டியல் போடாமல் நான் காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை. அப்படிப்பட்டவளைக் கவிழ்த்தது ஒரு பாட்டில் நல்லெண்ணெய் (கவிழ்த்த இடம் ஜெர்மனி).

அங்கே பொறியாளராக வேலை பார்த்தபோது, உடன் வேலை பார்த்த லூகாஸைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தேன். தென்காசியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். "பையன் சரி. அவன் அப்பாவப் பாத்துட்டுதான் முடிவு சொல்லுவேன்" என்றார் அப்பா. மூன்று நாள் குட்டிக் குட்டிக் கிராமங்கள் வழியே காரில் ஆற அமரப் போய், மூன்றாம் நாள் மாலை ஐந்துக்கு லூகாஸ் வீட்டை அடைவதாகத் திட்டம். என் பட்டியலின் கடைசி வரி: 'அப்பாவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.'

அப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை. முட்டைக்கோஸ் வயல் தெரிந்த இடமெல்லாம் இறங்கினார். அதற்கெல்லாம் நேரம் ஒதுக்கியிருந்தேன். அருவிக்கு ஒதுக்கவில்லை.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு, வாய்க்கால் தண்ணீரில் ஓடும் ஒரு பழைய மாவு மில்லின் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தார்.

"ஏட்டி, வண்டிய ஓரங்கட்டு. தண்ணி விழுது!"

"அப்பா, நேரமாயிரும்."

"குத்தாலத்துலதான் எண்ண தேய்ச்சுக் குளிக்க விட மாட்டுக்காவ. இங்கன யாரு கேக்கா?"

அம்மா தடுப்பாள் என்று பார்த்தேன். கைப்பையிலிருந்து எண்ணெயையும் சீயக்காயையும் எடுத்தாள். மில் வாசலில் ஒரு பலகை இருந்தது. (மூன்று நாளாக வழியில் கண்ட பலகையெல்லாம் படித்தவள், இதை மட்டும் படிக்கவில்லை.)

அப்பா துண்டோடு நின்று உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் பூசி, தலையில் சீயக்காயை அப்பிக்கொண்டு அருவிக்கடியில் நுழைந்தார். தண்ணீர் மெலிந்தது, சொட்டியது, நின்றேவிட்டது.

"ஏலே! யாருலே மடைய அடைச்சது?" கண்ணை இறுக மூடியபடி கத்தினார்.

மில்காரர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, பலகையையும் காட்டினார். நாலு மணிக்கு மில் மூடப்படும், வாய்க்காலும்தான்.

காரில் இருந்த குடிநீர் அப்பாவின் கண்களுக்கே சரியாகப் போனது. வெள்ளைச் சட்டை எண்ணெய் குடித்துக் கண்ணாடித்தாள் ஆயிற்று. கல்யாணம் நின்றதாகவே நினைத்து வண்டியை ஓட்டினேன்.

கதவைத் திறந்த லூகாஸின் அப்பா, சீயக்காய் காய்ந்த அந்தத் தலையைப் பார்த்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சிரிக்கவில்லை. அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஏணியைச் சாய்த்து, செடிக்கு ஊற்றும் குழாயோடு உச்சிப் படிக்கு ஏறி, அங்கிருந்து தண்ணீரைக் கொட்டினார்.

அப்பா கீழே நின்று தலையைக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் ஒசக்கத் தூக்கச் சொல்லுட்டி, சம்பந்திய."

சம்பந்தி! பட்டியலில் இல்லாத அந்த வார்த்தைக்கு நான் ஏணியடியிலேயே அழுதேன்.

இப்போதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் மாமனார் தென்காசிக்குப் போன் போடுவார். அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வாக்கியம்: "தண்ணி விழுதா?"

அப்பாவும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்கிறார்: "விழுது சம்பந்தி, நாலு மணிவரைக்கும்!"