ஏலக்காய் ஸ்டோரில் என் பேண்ட்

அறிவியல் வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்துப் பொருள்களெல்லாம் தாங்கள் நடத்தும் பாடத்தைக் கேட்டுத்தான் நடந்துகொள்கின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் பெண் பார்க்கப் போனேன்.

போடியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. 'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நாலைந்து இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. எல்லா இடத்திலும் காபி கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை. நாகஜோதியின் போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரே பதைப்பு. அதற்காகவே புதுப் பேண்ட் ஒன்று தைத்தேன் (கொஞ்சம் இறுக்கமாக, அப்போதெல்லாம் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது).

பெண் வீட்டாருக்குச் சொந்த ஊர் சிலமலை. ஆனால் அது காய் எடுக்கும் நேரம். மலையில் அவர்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டமும், வீட்டை ஒட்டியே காய் உலர்த்தும் ஸ்டோரும் உண்டு. ஸ்டோரில் தீ போட்டுவிட்டால் காய் காயும்வரை ஆள் நகர முடியாது. "நாங்க எறங்க முடியாது, நீங்க ஏறி வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். மலை வளைவுகளை நினைத்தாலே அம்மாவுக்குக் குமட்டும். ஆகவே நானும் சித்தப்பாவும் மட்டும் ஜீப்பில் கிளம்பினோம்.

நல்ல மழை. தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ஜீப்பு சேற்றில் புதைந்தது. "எறங்கி ஒரு கை குடுங்க சார்" என்றார் டிரைவர் அண்ணன். உராய்வு, விசை என்று அவருக்கு ஒரு சின்ன வகுப்பு எடுத்துவிட்டு, பின் சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று தள்ளினேன். அங்கே நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் வகுப்பில் விட்டுப்போயிருந்தது. ஜீப்பு முன்னால் போனது, சேறு பின்னால் வந்தது. சித்தப்பா குடையை என் நெஞ்சுக்கு நேரே நீட்டிச் சட்டையைக் காப்பாற்றினார். பேண்ட் போயே போய்விட்டது.

பெண்ணின் அப்பா வாசலிலேயே என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏந் தம்பி, ஒரு வேட்டி தரட்டுமா?"

"வேண்டாங்க. அலசிப் போட்டா நிமிசத்துல காஞ்சிரும்" என்றேன் கம்பீரமாக. (உண்மையில் எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. என் இடுப்பில் வேட்டி நின்றதாகச் சரித்திரமே இல்லை.)

ஒரு பழைய லுங்கியை வாங்கி இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, பேண்டை அலசிப் பிழிந்து ஸ்டோருக்குள் நுழைந்தேன். வெளியே அடுப்பு, அதன் சூட்டைக் கொண்டுவரும் பெரிய தகரக் குழாய் அறைக்குள் ஓடியது. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பச்சைக் காய்.

"அப்பு, இந்தக் குழாய் மேலயே போட்டா வெரசா காஞ்சிரும்ல?" என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. நேரடி வெப்பக் கடத்தல்!"

பேண்டின் வலது காலைக் குழாய்மேல் நீட்டி விரித்தேன். இடது காலுக்கு இடமில்லாததால் அது பக்கத்துச் சட்டத்தில் தொங்கியது. கூடமாட உதவி செய்வதாக நினைத்து, சித்தப்பா வெளியே போய் அடுப்பில் இரண்டு விறகைச் சேர்த்துத் தள்ளினார். (நல்லவேளை, காய் கருகவில்லை. கருகியிருந்தால் எங்களையும் தட்டில் பரப்பியிருப்பார்கள்.)

கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இடது கால் ஈரத்தோடு அப்படியே இருந்தது. வலது கால் பொரித்த அப்பளம்போல நெளிந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிச்சமிருந்தது. பேண்ட் முழுக்கப் பாயச வாசம் வேறு.

"டேய், இன்னொரு கால் எங்கடா?" என்றார் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, பொண்ணு வந்துருச்சு, வாங்க!"

பெண் பார்க்க லுங்கியோடு உட்கார முடியுமா? அழுகை வந்துவிட்டது எனக்கு. சித்தப்பாதான் தைரியம் சொன்னார். "எடுத்து மாட்டுடா. சம்மணம் போட்டு உக்காந்துட்டா எது நெட்டை எது கட்டைன்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

மாட்டினேன். பாய்வரைக்கும் சித்தப்பா முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். சம்மணம் போட்டேன்.

டர்ர்ர்ர்.

சித்தப்பா உடனே இருமினார். ஆனால் அந்தச் சத்தத்தை மூடும் அளவுக்கு எந்த மனிதனாலும் இரும முடியாது. காபித் தட்டோடு வந்த நாகஜோதி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வலது காலைப் பார்த்தாள்.

"என்ன பாடம் எடுக்குறீங்க சார்?"

"அறிவியல்ங்க."

"சூடு பட்டா எல்லாம் விரியும்னுதான நாங்க படிச்சோம்? இது ஏன் சார் சுருங்கியிருக்கு?"

அந்த நிலையிலும் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்தான். (நான் எழ முடியாது.) "நல்ல கேள்வி! இது செயற்கை இழைங்க. இழுத்து இழுத்து நீட்டித்தான் நூலாக்குவாங்க. அளவுக்கு மீறிச் சூடு பட்டா மறுபடியும் சுருண்டுரும்" என்று காபி ஆறும்வரை விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு திரும்பி, "அப்பா, அந்த வேட்டியக் கொண்டாங்க. பாவம், எந்திரிக்க முடியாம உக்காந்திருக்காரு" என்றாள்.

அந்த வேட்டிமேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மலையிறங்கினேன். இந்த இடமும் போச்சு என்று வழியெல்லாம் புலம்பினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. பெண்ணுக்குச் சம்மதமாம்.

ஏன் சம்மதித்தாய் என்று பிறகு கேட்டேன். "பேண்ட் கிழிஞ்ச பெறகும் பொறுமையாப் பாடம் நடத்துன ஆளு, எதுக்கும் கோவப்பட மாட்டாருன்னு நெனச்சேன். அதுலதான் ஏமாந்துட்டேன்" என்றாள்.

இப்போது எங்கள் மகள் என் வகுப்பிலேயே படிக்கிறாள். வீட்டில் பாயசம் வைத்தாலே அந்தக் கதையை அம்மாவைச் சொல்லவைத்துக் கேட்டு வளர்ந்தவள். போன பரீட்சையில், 'வெப்பத்தால் பொருள்களுக்கு என்ன நேரும்? எடுத்துக்காட்டுடன் எழுதுக' என்று கேட்டிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: 'பெரும்பாலான பொருள்கள் விரிவடையும். எ.கா: தண்டவாளம். சில சுருங்கும். எ.கா: அப்பாவின் பேண்ட், வலது கால் மட்டும்.'

சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். விடையில் ஒரு பிழையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.