நூம்பலில் பஸ் நிற்கிறது

நூம்பல்,
சுபானு வருஷம், ஆவணி மாதம் 12ந் தேதி.

அமைந்தகரை ம-ள-ள-ஸ்ரீ ஜானகிராம நாயகர் அவர்கள் சமுகத்துக்கு, நூம்பல் திருவேங்கடம் வந்தனம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், சம்சாரம் பொன்னம்மாளும், பெண் வரலட்சுமியும், போன வாரம் கன்று ஈன்ற எருமையும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் முழங்கால் உட்பட அனைவரும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். "சம்பந்தி அவர்களுக்கு" என்றே ஆரம்பிக்க நினைத்தேன். அவசரப்பட வேண்டாம் என்று பொன்னம்மாள் கையைப் பிடித்துவிட்டாள்.

வைகாசியில் தாங்கள் சொல்லியனுப்பியது எனக்கு அட்சரம் மறக்கவில்லை. ஜாதகம் பொருந்துகிறது, பெண்ணும் லட்சணம் என்று கேள்வி, ஆனால் பஸ் நிற்காத ஊரில் சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது என்றீர்கள். தலை தீபாவளி, பொங்கல், ஆடி அழைப்பு என்று முதல் வருஷமே ஆறு தரம் வந்து போக வேண்டும், ஒவ்வொரு தரமும் வேலப்பஞ்சாவடியில் இறங்கி வெயிலில் நடக்கத் தங்கள் காலும் ஒப்பாது, தங்கள் பிள்ளை நாகேந்திரனின் கௌரவமும் ஒப்பாது என்பது நியாயம்தான். இப்போது, நிற்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதக் கேட்டிருக்கிறீர்கள். நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் பஸ் முதலாளிக்கு மூன்று மனு போட்டோம். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். மூன்றாவது மனுவில் கூட்டம் தெரியட்டும் என்று சிலர் இரண்டு தரம் போட்டோம். யுத்தத்தினால் பெட்ரோல் கிடையாது, வண்டி கரியில் ஓடுகிறது, கரி வண்டியை ஒரு தரம் நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குக் கண்டக்டர் பின்பக்கம் நின்றுகொண்டு கரி அடுப்பு பற்றி எரியக் கால் மணி நேரம் காற்றாடியைச் சுற்ற வேண்டும், ஆகையால் புது நிறுத்தம் என்ற பேச்சே கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் சோர்ந்துவிடவில்லை. ஒரு நாள் வானகரத்திலிருந்து அந்த பஸ்ஸிலேயே வரும்போது டிரைவர் எத்திராஜைக் கவனித்தேன். நல்ல பக்திமான். சாலையோரம் ஒரு அம்மன் இருந்தால் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மறுபடி ஏறுவான். முதலாளிக்காக நிற்காத பஸ் அம்மனுக்காக நிற்கிறது என்பது அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையோரம் வேப்பமரத்தடியில் நட்டோம். பூக்கட்டி விற்கிற முனியம்மா மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, சிவப்புத் துணி சுற்றினாள். பொன்னம்மாளுக்கு மாத்திரம் மனசு ஒப்பவில்லை. "அது மேல இருவது வருசமா துணி அடிச்சிகினு கீறேன். அதப் போயி எப்டி கும்புடறது?" என்றாள். "இருவது வருசமா அடி வாங்கிகினு பொறுமையா இருந்துச்சே, அதுக்கே கும்புடலாம்" என்றேன். வெள்ளிக்கிழமை காலை பஸ் வந்தது. எத்திராஜ் பார்த்தான், நிறுத்தினான், இறங்கினான். அவன் சூடம் ஏற்றி முடிப்பதற்குள் பதினோரு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டோம். கண்டக்டர் சின்னசாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா நாய்க்கரே, நேத்து வரைக்கும் இந்த எடத்துல ஒண்ணும் இல்லியே?" என்றான். "எதுக்கும் மொத நாளுன்னு ஒண்ணு கீதில்ல சின்னசாமி" என்றேன். அவன் காற்றாடியைச் சுற்றப் போனான்.

அன்றைக்கே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நல்ல யோசனைக்கு ஊரில் காவல் கிடையாது. அடுத்த வாரமே சென்னீர்குப்பத்தார் இரண்டு அம்மன்களை நட்டார்கள், ஒன்று போகிற பஸ்ஸுக்கு, ஒன்று வருகிற பஸ்ஸுக்கு. அதற்கடுத்த வாரம் வேலப்பஞ்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஆட்கள் வீட்டுக்கொரு சாமி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனி மாதக் கடைசியில் நான் எண்ணினபோது பதினான்கு. எத்திராஜ் ஒன்றைக்கூடத் தாண்டமாட்டான், தாண்டினால் கண் போய்விடுமாம். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காற்றாடி. நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவது, ஏறுவது, மறுபடி இறங்குவது. கோர்ட்டு வாய்தாவுக்குப் புறப்பட்ட ஒருவர், வழக்கு தள்ளுபடியான சேதியை பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே எதிரில் வந்த வக்கீல் குமாஸ்தாவிடமிருந்து தெரிந்துகொண்டார். பூந்தமல்லிக் கடைகளில் சூடம் தீர்ந்து போயிற்று. சின்னசாமி ஒரு நாள் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டான். "நான் கண்டக்டரா, பூசாரியா? இத எவனாச்சும் சொல்லுங்கப்பா, அப்பால சுத்தறேன்" என்றான். எல்லாரும் தங்கள் மூட்டையைச் சரிசெய்தார்கள். நானும் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆடியில் முதலாளியே நேரில் வந்து பார்த்தார். மறுநாள் எத்திராஜை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டுத் தங்கவேல் என்கிற ஆளைப் போட்டார். "ரோட்டுல கீற கல்லுக்கெல்லாம் நின்னா நான் எப்ப ஊடு போயி சேர்றது?" என்று சொல்லிவிட்டு அவன் பதினான்கு சாமிகளையும் பார்க்காமலே ஓட்டினான். வரலட்சுமி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்றாள். ஆனால் தாங்கள் என்னை அறியமாட்டீர்கள், நான் கலங்குகிறவன் இல்லை. நம் ஊர் எல்லையில் சாலை சற்று மேடு. முதலாளி சிக்கனமாக வாங்கிய கரி ஆடி மழையில் நனைந்திருந்தது. அடுத்த நாள் மேட்டில் ஏறும்போது வண்டி இருமிக்கொண்டே வந்து, சரியாக நம் அம்மனுக்கு எதிரில் பிராணனை விட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. "கும்புடாம போனா இப்டித்தான் ஆவும், அண்ணாத்தே" என்று முனியம்மா ஒரு சூடத்தை நீட்டினாள். தங்கவேல் வாங்கி ஏற்றினான். ஈரக்கரிதான் காரணம் என்று சின்னசாமி சொல்கிறான். முனியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பொதுநலத்தை உத்தேசித்து நானும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியும் அங்கே நின்றுதான் போகிறது என்று முதலாளிக்கும் தோன்றிவிட்டது. நேற்று மத்தியானம் ஆள் வந்து, "இங்கு பஸ் நிற்கும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போனான். இந்தச் சாலையில் வேறு எந்த ஊருக்கும் அப்படிப் பலகை இல்லை. சென்னீர்குப்பத்தார் எங்களோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகவே தாங்கள் யோசிக்க ஒன்றும் பாக்கியில்லை. வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பஸ் ஏறிப் பலகையடியில் இறங்கிப் பெண்ணைப் பார்க்கவும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நூறு அடி. தங்கள் காலுக்கு அது ஒரு தூரமே அல்ல. வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடும், குழந்தைகளுக்கு என் ஆசியும். தங்கள் வீட்டில் விளக்கும், எங்கள் சாலையில் பஸ்ஸும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
திருவேங்கடம்.

பின்குறிப்பு: இதை மடித்து எடுத்துக்கொண்டு, பூந்தமல்லித் தபாலாபீசில் போட இன்று காலை பலகையடிக்குப் போனேன். பஸ் வந்தது. முதலாளி நல்ல காய்ந்த கரி வாங்கிவிட்டார் போலிருக்கிறது, மேடு ஒரு பொருட்டாகவே இல்லை. உள்ளேயும் கூரையிலும் ஜனங்கள். சின்னசாமி படியில் தொங்கிக்கொண்டு, "எடமில்ல நாய்க்கரே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சிரித்தபடியே போய்விட்டான். நான் புழுதியைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது சைக்கிளில் வந்த பையன் ஒருவர் திருவேங்கடம் வீடு எது என்று கேட்டார். தங்கள் பிள்ளை நாகேந்திரன். பெண்ணைத் தாமே பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்களுக்குத் தெரியாமல் வந்தாராம். தாங்கள் கோபிக்க வேண்டாம். வரலட்சுமி மோர் கொண்டு வந்து கொடுத்தாள். மூன்று சொம்பு குடித்தார், மூன்றாவது தாகத்துக்கு இல்லை என்று எனக்கே தெரிந்தது. பஸ் விஷயத்தை நான் ஆரம்பித்தேன். "நான் பஸ்ஸுல ஏறி ரெண்டு வருசம் ஆவுது மாமா. நைனாதான் பஸ்ஸு பஸ்ஸுன்னுகினு கீறாரு. எனுக்கு சைக்கிளு போதும். தை மாசம் நாள் பாருங்க" என்றார். வரலட்சுமி இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆகையால் மேலே பஸ்ஸைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்தும் படிக்காததாகப் பாவிக்கவும். வெள்ளிக்கிழமை தங்களுக்கு நம் மாட்டுவண்டியே அமைந்தகரைக்கு வரும். இனிமேல் அந்த பஸ்ஸை விட்டுத் தொலைக்கச் சொல்கிறாள் பொன்னம்மாள். அதுதான் முடியாது. மாப்பிள்ளை சைக்கிளில் வருவார், சரி. தலைப்பிரசவத்துக்கு என் பெண் எதில் வருவாள்? நிறைமாதத்தில் அவளைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைக்க முடியுமா, இத்தனை மைல் மாட்டுவண்டியில் குலுங்க வைக்கத்தான் முடியுமா? அன்றைக்கு பஸ் இங்கே நிற்க வேண்டும், அவள் பிறந்த வீட்டு வாசலில் மெள்ள இறங்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே பெண். இதைச் சொல்லத்தான் நாளைக் காலை முதலாளி வீட்டுக்குப் போகிறேன். நடந்தே போகிறேன்.