ஒழுங்கைக்குள் இரண்டு வாகனம்

படித்த முட்டாள்களிலும் தரவரிசை உண்டு. அதில் நான் பேராசிரியர் தரம். என் மனைவி சுமதி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

இயந்திரவியலும் தொகுதிப் பொறியியலும் என் துறை. ஒரு பாகம் பழுதானால் இன்னொன்று வேலையை ஏற்கத் தயாராக இருக்கவேண்டும். தலை நரைக்கும்வரை நான் படிப்பித்தது இவ்வளவுதான். (பாடத்திட்டத்தில் இதை நீட்டி எழுதியிருப்போம்.)

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வு ஒருவழியாக வந்தது. தேர்வுக் குழுவுக்கு வந்த வெளிநாட்டு நிபுணர் அன்று மத்தியானமே விமானம் ஏறுகிறார். தவறவிட்டால் பதவி மறுபடி விளம்பரத்துக்குப் போகும். அடுத்த முறை என்னிடம் படித்த பொடியனும் விண்ணப்பிப்பான். ஆகவே என் கோட்பாட்டின்படி கொட்டாஞ்சேனையிலிருந்து மைத்துனன் ரமணனைக் காருடன் வரச் சொன்னேன். அவன் பிந்தினால் என்ன செய்வது? வழக்கமாக என்னை ஏற்றிப்போகும் மணியின் ஓட்டோவுக்கும் சொல்லிவைத்தேன். ஒருவருக்கு மற்றவரைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டும் நேரத்துக்கு வந்தன.

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை முட்டுச் சந்து. ஒரு வாகனத்துக்கே மூச்சு முட்டும். முன்னால் கார், அதன் பின்னால் ஓட்டோ.

"அத்தான், இது ஆர்? என்னில நம்பிக்கை இல்லாமலோ ஓட்டோ பிடிச்சனீங்கள்?" ரமணனின் முகம் கறுத்தது.

"சார், மருதானையில கிடைச்ச ஹயர விட்டுட்டு வந்தேன். இப்ப வேணாங்கிறீங்களா?" இது மணி.

ஒன்று பழுதானால் என்ன செய்வதென்று புத்தகமே எழுதலாம். இரண்டும் வேலை செய்தால்? அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை. ஓட்டோவில் ஏறினால் மைத்துனன் ஆயுளுக்கும் கதைக்கமாட்டான். காரில் ஏறினால் மணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கோட்டும் டையுமாக நடுவில் நின்று பஞ்சாயத்துப் பேசினேன்.

அந்த நேரம் பார்த்து, மூலையில் எழும்பும் மாடிக் கட்டடத்துக்கு வந்த லொறி ஒழுங்கை வாயிலில் மணலைக் கொட்டத் தொடங்கியது.

"அய்யே, எப்பா!" என்று கத்தினேன். (அண்ணே, வேண்டாம் என்று சிங்களத்தில்.)

"பொட்டக் இன்ன, மஹத்தயா," என்றார் சாரதி. (கொஞ்சம் பொறுக்கட்டாம். பொறுத்தோம். முழுவதையும் கொட்டினார்.)

"இப்ப ரெண்டிலயும் ஏறுங்கோ," என்றாள் சுமதி பல்கனியிலிருந்து.

மணல் குவியலில் நாலு காலில் ஏறி, மறுபக்கம் உருண்டு, காலி வீதிக்கு ஓடி, பஸ் மிதிபலகையில் தொங்கினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிபுணரின் விமானம் என் தலைக்கு மேல் பறப்பதுபோல இருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்தபோது குழுவினர் கோப்புகளை மூடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் மணிக்கூட்டையும் என் முழங்காலையும் மாறிமாறிப் பார்த்தார். சப்பாத்திலிருந்து மணல் கம்பளத்தில் கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

நிபுணர் மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் கட்டுரையில் ஒரு சந்தேகம். பிரதானமும் மாற்றும் ஒரே நேரத்தில் இயங்கினால், எது விலகும்?"

பொய் சொல்ல மூச்சில்லை. கார், ஓட்டோ, மைத்துனனின் முகம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். "விலகுவது யாரென்று முதலிலேயே தீர்மானிக்காத பொறியியலாளன்தான் விலகவேண்டும், ஐயா," என்று முடித்தேன்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. தலைவர், "நீங்கள் போகலாம்," என்றார். எங்கே போகச் சொன்னார் என்று தெரியாமலே மாதக்கணக்கில் நித்திரையில்லை.

இந்தக் கேள்வியைக் கேள்விப்பட்ட ரமணன் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருமுன் தொலைபேசியில் கேட்பான்: "அத்தான், நான் பிரதானமோ, மாற்றோ?"

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. உடனே வீட்டுக்கு எடுத்தேன்.

"சுமதி, என்னைப் பேராசிரியராக்கிப் போட்டாங்கள்! பின்னேரம் எல்லாரும் வெளியில சாப்பிடுவம். நான் வாகனத்துக்குச் சொல்லுறன்."

"நடந்து போவம்."