கூடுதலாய் ஒரு றகரம்

“ஒரு போத்தல் போதும், பிள்ளை,” என்று சொல்லிப் பத்து ரூபாயை மேசையில் வைத்தார் சிமியோன்.

செல்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள். குருநகரில் மாதர் சேமிப்புச் சங்கத்தின் கிளையை அவள் பொறுப்பேற்ற பிறகு, ஒரு ஆள் காசோடு தானாக உள்ளே வந்தது இதுதான் முதல்தடவை. அதுவும் ஆம்பிளை.

“என்ன போத்தல், அண்ணை?”

“கள்ளுத்தான். வேறை என்ன.”

“இது சேமிப்புச் சங்கம்.”

“தெரியும். பலகையை வாசிச்சுப்போட்டுத்தானே வாறன்.”

வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். முதல்நாள் பின்னேரம் பெயின்டர் யாகோப்பு மாட்டிவிட்டுப் போன புதுப் பலகை. பெண்கள் மாதத் தவணையைக் கட்டும் இடம் என்பதால் ‘சங்கத் தவணை நிலையம்’ என்று எழுதச் சொல்லியிருந்தாள். பலகையில் ‘சங்கத் தவறணை நிலையம்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை; அவற்றை நடத்துவதும் ஒரு சங்கம்தான். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

வேறொரு நாளென்றால் சிரித்திருப்பாள். இன்று தலைமைக் காரியாலயத்திலிருந்து இராசநாயகம் வருகிறார். காசு சேராத கிளையைப் பூட்டிவிடுவதாக ஏற்கனவே சொல்லியிருந்தார். பூட்டினால் பெண்கள் மறுபடியும் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் வட்டிக்குக் கைநீட்டவேண்டும். அவர்களும் என்ன செய்வார்கள்? அந்த வருடம் ஆம்பிளைகளைக் கடலுக்குப் போக நேவி விட்ட நாட்களே குறைவு. விட்ட நாளிலும் மீன் விற்ற காசு வீட்டுக்கு வரும் வழியில் தவறணைக்குள் நுழைந்துவிடும்.

யாகோப்பு காங்கேசன்துறைக்கு வேறு வேலையாகப் போய்விட்டார். செல்வநாயகி ஒரு சாக்கை எடுத்துப் பலகையை மூடிக் கட்டினாள்.

“ஏன் பிள்ளை மூடுறாய்?” என்று கேட்ட சிமியோன், பிறகு குரலைத் தாழ்த்தினார். “சரி, சரி. விளங்குது.”

போனவர் கூட்டாளிகளோடு திரும்பி வந்தார்.

“மூடி வைச்சு விக்கிறதெண்டால் திறமான சாமானாத்தான் இருக்கும்,” என்றார் அவர்களில் மூத்தவரான அடைக்கலநாதன்.

அவள் ஒரு தாளில் பெரிதாக ‘இங்கே கள்ளு இல்லை’ என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

அடைக்கலநாதன் எழுத்துக்கூட்டி வாசித்தார். “கள்ளு இல்லையாம்.”

எல்லாரும் சிமியோனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப சாராயம்தான்,” என்றார் சிமியோன்.

சற்று நேரத்தில் வரிசை தெருமுனைவரை போய்விட்டது.

“அண்ணைமார், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இஞ்சை இருக்கிறது சேமிப்பு மட்டும்தான்.”

“அதைத்தான் நாங்களும் கேக்கிறம். சேமிப்பிலை வைச்சிருக்கிறதை எடுங்கோவன்.”

இராசநாயகம் சைக்கிளை மதிலில் சாத்தினார். கிளையைப் பூட்டுவதற்குக் கொண்டுவந்த புதுப் பூட்டு கையில் இருந்தது. வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“உவை எல்லாரும் காசு கட்ட நிக்கிற ஆக்களோ?”

“ஓம் சேர். ஆனால்...”

“கதவிலை உதென்ன?” கிட்டப் போய் வாசித்தார். முகம் மலர்ந்தது. “மதுவிலக்கும் சேர்த்துச் செய்யிறீரோ. நான் இதை எதிர்பார்க்கேல்லை.”

“சேர், நான் ஒண்டு சொல்லவேணும்.”

“பிறகு சொல்லும். சனம் வெய்யிலுக்கை நிக்குது. காசை வாங்கித் துண்டை எழுதும்.”

மாதர் சங்கம் ஆகையால் பற்றுத்துண்டைப் பெண்களின் பெயரில்தான் எழுதலாம். எழுதினாள். “இது உங்கடை மனுசியின்ரை பேரிலை சேமிப்பு” என்று ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லித்தான் கொடுத்தாள். ஒவ்வொருவரும் கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள். வாங்கியவர்கள் சாமான் எடுப்பதற்குப் பின்பக்கம் போனார்கள். அங்கே ஒரு கிணறும் ஒரு ஆடும் இருந்தன.

திரும்பி வந்தார்கள்.

“சாமான் எங்கை?”

“என்ன சாமான்?” என்று கேட்டார் இராசநாயகம்.

“நீங்கள் ஆர்?”

“நான் தலைமைக் காரியாலயம்.”

எந்தக் காரியாலயம் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சிமியோன்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

“இந்தக் காசைத் திருப்பி எடுக்கலாமோ?”

“தாராளமா. உங்கடை மனுசி வந்து கையெழுத்து வைச்சால் சரி.”

கிணற்றடியில் ஆடு கத்தியது. வீட்டுக்குப் போய் மனைவியைக் கூப்பிடுவதென்றால், எங்கே போனாய், ஏன் போனாய் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

“காசு கிடக்கட்டும்,” என்றார் அடைக்கலநாதன். “நாங்களும் எப்பத்தான் சேமிக்கிறது?”

எல்லாரும் ஆமோதித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, துண்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு கலைந்தார்கள்.

இராசநாயகம் பூட்டைப் பைக்குள் போட்டார். “இனி இந்தக் கிளையிலை ஆரும் கை வைக்கேலாது. வாற மாசமும் இதே மாதிரிச் செய்யும்.”

செல்வநாயகிக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. கிளை பிழைத்துவிட்டது. ஆனாலும் ஒரு பிழையால் கிடைத்த வெற்றி மனதை உறுத்தியது. அடுத்தநாள் காலையில் யாகோப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, பலகையின் சாக்கை அவிழ்த்துக் காட்டினாள்.

“அண்ணை, உங்கடை கை தவறி ஒரு எழுத்துக் கூடிப்போச்சு. அழிச்சுத் தாங்கோ.”

யாகோப்பு ஏணியில் சாய்ந்தபடி பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கை தவறேல்லைப் பிள்ளை. அந்த ‘ற’வுக்கெண்டு உங்கடை சங்கத்துப் பொம்பிளையள் எல்லாரும் சேமிச்சு, தனியாக் காசு தந்தெல்லோ எழுதுவிச்சவை.”