பொண்ணு பார்க்கப் போன பேட்டரி கார்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். மச்சானைச் சித்தூர்லேருந்து திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பொண்ணு பார்த்துட்டு வரணும்.

மச்சான்னா என் பொண்டாட்டியோட தம்பி. வந்த ஜாதகமெல்லாம் தட்டிப் போய், முன்தலை முடியும் கொட்ட ஆரம்பிச்ச நேரத்துல அமைஞ்ச சம்பந்தம். "இதுவும் கெட்டுச்சுன்னா, உங்களச் சும்மா வுட மாட்டேன்"னு வீட்டம்மா சொல்லித்தான் அனுப்பினா.

நம்மகிட்ட புதுசா பேட்டரி கார். வாங்கினதிலேருந்து பூமியை நான்தான் தாங்கிப் பிடிச்சிருக்கேன்னு ஒரு நெனப்பு!

முந்தின நாள் பூரா எங்க தெருவுல கரண்ட் இல்ல. சார்ஜ் அரைகுறைதான்.

"மாமா, திரும்பி வரத் தாங்குமா?"ன்னான் மச்சான்.

"பொண்ணு ஊட்ல போட்டுக்கலாம் வாடா!"

வாசல்ல பொண்ணோட அப்பா "வாங்க வாங்க"ன்னு கும்பிட்டாரு. நான் பதிலுக்கு, "சார், ஒரு பிளக் பாயிண்ட் கெடைக்குமா?"ன்னேன்.

பாவம் மனுஷன். சமையக்கட்டு ஜன்னல் வழியா வயர் இழுத்துக் குடுத்தாரு. ஹால்ல நமக்காக ஏசி. உள்ள கரண்ட் அடுப்புல பஜ்ஜி. கூடவே என் கார்!

நான் சோபாவுல சாஞ்சுக்கிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பிச்சேன். "துளிகூடப் புகை வுடாது சார் நம்ம வண்டி. ஊர்ல எல்லாரும் திருந்தணும்."

பொண்ணு காபித் தட்டோட வந்தா. மச்சான் வெக்கப்பட்டுத் தலையைத் தூக்கினான்.

டப்!

ஏசி நின்னுச்சு. லைட் போச்சு. ஏசிக்காக ஜன்னலெல்லாம் திரை போட்டு மூடியிருந்ததால ஒரே இருட்டு.

"ஐயையோ, பஜ்ஜி பாதிதான் வெந்து கீது!"ன்னு பொண்ணோட அம்மா குரல்.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். சமாளிக்கிறேன் பேர்வழின்னு, "ஆனா புகை இல்ல பாருங்க"ன்னேன்.

பொண்ணு தட்டை வச்சா. "யாருண்ணா சொன்னது? எங்க பழைய ஊடு கரண்ட் தயார் பண்ற எடத்துக்குப் பக்கம். நெலக்கரி எரிச்ச சாம்பல், காயப் போட்ட துணி மேலெல்லாம் வந்து வுழும். நைனாவுக்கு இருமல் தாங்காமத்தான் ஊட்ட வித்துட்டு இங்க வந்தோம். உங்க வண்டி புகைய அங்க வுட்டுட்டு இங்க வந்து நிக்குது. அவ்ளோதான்."

சொல்லி வச்ச மாதிரி அவ அப்பா இருமினாரு. நிஜ இருமல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

சம்பந்தம் போச்சு. வீட்டம்மா முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

மச்சான் எழுந்து போய் என் கார் வயரைப் பிடுங்கினான். மெயின் சுவிட்சைப் போட்டான். வெளிச்சம் வந்ததும் அவனும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க.

"வாய் பேசிக்கினு இல்லாம வேலையப் பாக்கறாரு நைனா. எனக்குச் சம்மதம்"னா அவ.

எனக்கு உசுரு வந்துச்சு! "அப்ப என் கார்?"

"உறவாயிட்டீங்க, தாராளமாப் போட்டுக்குங்க"ன்னாரு அவ அப்பா. "ஏசிய மட்டும் நிறுத்திக்கலாம். ரெண்டும் சேந்தா தாங்காது. ஏசி போட்டப்பவே ஃபேனக் கழட்டிட்டோம்."

அப்புறம் கார் கரண்டைக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, வீடே வேர்த்துக்கிட்டு இருந்துச்சு, நான் ஓலை விசிறியால சம்பந்தி வீட்டாருக்கு விசிறிக்கிட்டே இருந்தேன்.

நேத்து உண்மையிலேயே புகையில்லாம ஓடினது அந்த விசிறி ஒண்ணுதான்.