மாவு மாமாவும் சூரியகாந்திப் புண்ணாக்கும்

மைசூரில் மாட்டுக்கு மாவு புளிக்க வைத்த ஒரே மனிதர் மாவு மாமாதான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.

ஹெப்பாளில் நான் மூட்டை தூக்கும் எண்ணெய் மில்லில் அவர் மேஸ்திரியாக இருந்தார். மேல்கோட்டைக்காரர். எண்ணெய் பிழிந்த சூரியகாந்திப் புண்ணாக்கை மில்லில் எங்களுக்குத் தருவார்கள். என் பசுவுக்கு அது சேரவில்லை. முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பால் குறைந்தது. வரும் சந்தையில் விற்றுவிடலாம் என்றாள் என் மனைவி செல்வி. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மாடு.

மாமாவிடம் சொன்னேன்.

"அப்படியே போட்டா எப்படிடா திங்கும்? நீ உளுந்தை அப்படியே திம்பியா? புளிக்க வை."

புண்ணாக்கில் வெல்லத் தண்ணீரும் தயிரும் பிசைந்து, டிரம்மில் அமுக்கி மூட வேண்டும். புளித்தால் நார் இளகும், மாட்டுக்குச் செரிக்கும். அதுவரை சரி. பிசைகிற கைக்கு ராசி வேண்டும் என்றார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

முதலில் அவர் கை. பூஞ்சை பிடித்தது. அடுத்து என் கை. புழு வைத்தது. பிறகு மேனேஜரையே பிடித்து வந்து முழங்கை வரை விடச் சொன்னார். நாறியது. டிரம்மும், மேனேஜரும்.

"சார், உங்க கை ஆபீசுக்குத்தான் ஆகும்" என்று மாமா முகத்துக்கு நேரே சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் குளிருக்குத் தன் சால்வையை டிரம்முக்குப் போர்த்திவிட்டு, அவர் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றார். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார்.

சந்தை நெருங்கியது. செல்வியின் இட்லி மாவு மார்கழியிலும் பொங்கும் என்று மாமாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். டிரம்மோடு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"அம்மா, சும்னே, சும்மா ஒரு தடவை கையை விடு. அப்புறம் வித்துக்கோ."

"மாட்டுக்கு மாவு கரைக்கத்தான் என்னைய ஹனூர்ல இருந்து கட்டிட்டு வந்தாங்களாக்கும்?" என்றாள். பிசைந்தாள். மூடியைக் கயிறு போட்டுக் கட்டினாள். "நாஞ் சொல்ற வரைக்கும் இதத் தொறக்கக் கூடாதுங்க சாமி."

மாமா முகராமல் வீட்டுக்குப் போனார். எப்படித் தூங்கினாரோ.

செல்வி சொன்ன நாளில் திறந்தபோது புளித்த மோர் வாசம். மாமா ஒரு விரல் எடுத்து நக்கினார். உப்பு ஒரு கல் கம்மி என்றார். மாடு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வாளியை உருட்டி உருட்டி நக்கியது. பால் ஏறியது.

மாட்டு வியாபாரி வந்தான். "என் கையில திங்கிற மாட்ட உனக்கு எதுக்குக் குடுக்கோணும்?" என்று செல்வி அனுப்பிவிட்டாள்.

பார்த்தாயா, கைராசி என்றார் மாமா. கயிறுராசி என்றாள் செல்வி. இன்றுவரை தீரவில்லை அந்த வழக்கு.

இப்போது மாமா ரிட்டயர் ஆகி, இங்கே மைசூர் விஜயநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் பஸ்ஸில் வருவார். அவர் வராமல் புது டிரம்மைத் திறக்கக் கூடாது என்பது செல்வி போட்ட சட்டம். பஸ் தாமதமானால் மாடு கத்தும். நான் கத்த மாட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.