பதினாலு நாளும் பெய்யாத மழையும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் எழுத்து வாழ்க்கை தொடங்கியது பொய்யில். (கவிதையும் அதுதானே என்பார் என் கணவர். அவரை விடுங்கள்.)

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். அதாவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் எங்கள் தையல் மெஷின்களுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். திருப்பூரில் தேதி என்பதும் பனியன் துணிதான், இழுத்தால் வரும். பையர் முப்பதாம் தேதி சரக்கு ஏற்றச் சொன்னால், அடுத்த மாதம் ஏழு என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அந்த ஒரு வாரத்தைக் கேட்டு மெயில் எழுதுவது என் வேலை.

எழுதினேன். எப்படி எழுதினேன்! மேகம் கறுத்தது, சாலை மறைந்தது, சாயமேறிய துணிகள் வெயில் காணாமல் ஈரத்தில் விம்மின. தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டும் ஊரில், என் மெயில்களில் மட்டும் வருடம் முழுக்க அடைமழை. படித்தவர்கள் எல்லோரும் மனமிரங்கி ஒரு வாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட வாசகர்கள் எனக்கு வாய்க்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் லிண்டா வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் தையல் லைன்களை, அதாவது மெஷின் வரிசைகளை, சீர்படுத்த ஒரு வருட ஒப்பந்தம். ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஏழு வயது மகனை அக்காவிடம் விட்டுவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். இப்படி வேலை விசாவில் வருகிறவர்கள், வந்த பதினாலு நாளுக்குள் கோயமுத்தூரில் போலீசின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய், தங்குவதற்கான அனுமதி வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இந்தப் புள்ளையோட பதிவு வேலைய நீயே பாத்துக்க. பதினாலு நாளாமா. தவறக் கூடாது."

"பாத்துக்கறேனுங்க."

பார்த்தேன். காலண்டரில் பதினாலாவது நாளைப் பார்த்தேன். பிறகு, கைப்பழக்கம், ஒரு வாரம் தள்ளி வட்டம் போட்டேன்.

தினமும் காலையில் லிண்டா என் மேஜைக்கு வந்து, "போலீஸ் ஆபீஸ், டுடே?" என்பார். "டுமாரோ, டுமாரோ" என்பேன், பையர்களிடம் பழகிய அதே தேன் குரலில். அவர் பெருமூச்சு விட்டு லைனுக்குப் போய், தையல்காரப் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொள்வார்.

பத்தொன்பதாம் நாள் காரில் கோவைக்குக் கிளம்பினோம். எனக்குப் பதற்றமே இல்லை. பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம், லிண்டா குடியிருந்த வீட்டு உரிமையாளர் கடிதம், போட்டோக்கள், எல்லாவற்றுக்கும் மேலே தாமதத்துக்குக் காரணம் சொல்லி நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம். அதில் நொய்யல் ஆறு கரைபுரண்டிருந்தது. அவினாசி ரோடு ஏரியாகியிருந்தது. வெளியே வெயில், கார்க் கூரையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர். கடிதத்தை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்கம்மணி, எப்பப் பேஞ்சுதுங்க இந்த மழை?"

"போன வாரம் பூராவும் சார்."

"நான் உங்க பக்கத்து ஊரு பல்லடத்திலிருந்து தினமும் பஸ்ல வர்றவனுங்க. இன்னிக்குக் காத்தால தண்ணி லாரிக்கு அஞ்சு கொடம் வெச்சு நின்னுட்டுத்தான் வந்தேன். எங்க தெருவுக்கு மட்டும் சொல்லாம பேஞ்சிருச்சுங்களா?"

"அது... நெருப்பெரிச்சல் பக்கம் மட்டும் சார்."

"ஓ. மேகத்துக்கு விலாசம் குடுத்து வரச் சொல்லிருக்கீங்க."

லிண்டா பக்கம் திரும்பி, "மேடம், ரெயின்?" என்றார்.

லிண்டா என்னைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த தன் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு, பத்தொன்பது நாள் தமிழில், அட்சரம் பிசகாமல் சொன்னார்:

"மழை இல்லீங்க. டெய்லி ஆஸ்கிங். டெய்லி டுமாரோ."

அதிகாரி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "லேட்டா வந்தா அபராதம் கட்டி, காரணம் எழுதிக் குடுக்கோணும். அதுக்கு வழி இருக்குதுங்க. பொய்க்கு வழி இல்லீங்க. இந்தக் கடுதாசிய நான் ஃபைல்ல வெச்சா, இந்தம்மா ஊரு போய்ச் சேர்ந்துருவாங்க. மழை உங்குளுது. போறது அவங்க."

லிண்டாவுக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்காது. குரல் புரிந்தது. பர்சைத் திறந்து மகன் போட்டோவை ஒரு நொடி பார்த்து மூடினார். அந்த நொடியில், நான் எழுதிய அத்தனை மழையும் என் தலையில் பெய்தது.

"உள்ளத எழுதி, மொதலாளி கையெழுத்து வாங்கி, நாலு மணிக்குள்ள வாங்க" என்று அதிகாரி கடிதத்தைத் திருப்பி நீட்டினார்.

திருப்பூருக்குத் திரும்பும் காரில் எழுத உட்கார்ந்தேன். உண்மை வரவில்லை, பேசாத பாஷை போலத் திக்கியது. முதல் தாளில் ஒரு மேகம் நுழைந்துவிட்டது, கிழித்தேன். இரண்டாவதில் இளங்காற்று. மூன்றாவதை எடுத்தபோது லிண்டா என் கையைப் பிடித்து, "ஸ்மால். வெரி ஸ்மால்" என்றார். எழுதினேன்: பதினாலு நாள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் இன்னும் ஒரு வாரம் கொடுப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தவறு என்னுடையது, லிண்டாவுடையது இல்லை.

முதலாளி இதையும் படித்தார், பழைய கடிதத்தையும் வாங்கிப் படித்தார்.

"ஏங்கண்ணு, பையருக்கெல்லாம் இப்படித்தான் எழுதிட்டு இருந்தயா?"

"ஆமாங்க."

"அதுதானா! போன எக்ஸிபிஷன்ல ஒரு வெள்ளைக்காரன் என்ற கையப் புடிச்சுட்டு, வெள்ளம் வடிஞ்சுதா, உங்க ஊட்ல எல்லாரும் தப்பிச்சாங்களான்னு கண்ணுல தண்ணியோட கேக்கறான். நான் ஒண்ணும் புரியாம தேங்க்யூ தேங்க்யூன்னு வந்தேன்."

மூன்று ஐம்பதுக்கு மறுபடி அந்த மேஜை முன் நின்றோம், வியர்த்து, பசித்து. அதிகாரி மூன்று வரியையும் படித்தார். அபராதம் கட்டினோம். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. "காத்தாலயே இதை எழுதிருந்தா மத்தியானம் சோறு தின்னிருப்பீங்க" என்றார்.

ஒப்பந்தம் நீண்டு, லிண்டா மூன்று வருடம் இருந்தார். ஒவ்வொரு வருடமும் அனுமதியைப் புதுப்பிக்க, கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே என்னைக் காதைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் சொன்ன வாசகமோ கம்பெனியை விட்டுப் போகவே இல்லை. நான் எந்தத் தேதி சொன்னாலும் தையல் லைனிலிருந்து ஒரு குரல் வரும்: "மழை இல்லீங்க!" என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதும் வந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, என்ன கதை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். (நான் அப்போதே பத்திரிகையைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.)

போன ஐப்பசியில் மகளின் பள்ளி ஆண்டு விழா. நாலு மணிக்கு வருவதாக வாக்கு. மங்கலம் ரோட்டில் வானம் பிளந்து கொட்டியது. சத்தியமாக. ஸ்கூட்டர் நின்றுவிட, டீக்கடைத் தகரத்தின் கீழ் சொட்டச் சொட்ட நின்று கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இங்க பயங்கர மழைங்க, கொஞ்சம் லேட்..."

அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் ஒரே குரலில்: "மழை இல்லீங்க!" வைத்துவிட்டார்கள்.

உலகத்தில் ஒருவராவது நம்பட்டுமே என்று, கொட்டுகிற மழையைப் போட்டோ எடுத்து, இப்போது தன் ஊரில் இருக்கும் லிண்டாவுக்கு அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது:

"பழைய போட்டோங்களா?"